வகையும் விட்டமும்: எல் பாசோ முதல் ராட்டோன் வரை

நியூ மெக்சிகோ மாநிலம் வழங்கும் மறைவுத் துப்பாக்கி உரிமத்தில், உரியவரின் பெயரோடு இரண்டு விவரங்கள் கட்டாயம் இருக்கும். ஒன்று வகை: சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் பிஸ்டலா, ரிவால்வர் போல அப்படி ஏற்றிக்கொள்ளாததா. மற்றொன்று குழலின் விட்டம். தகுதிச் சோதனையில் விண்ணப்பதாரர் எதைச் சுட்டுக் காட்டினாரோ அதுவே உரிமத்தில் ஏறும். அதைவிடச் சிறிய விட்டமுள்ளதை அவர் எடுத்துச்செல்லலாம், பெரியதை எடுத்துச்செல்லக் கூடாது. மறைவாக உடம்பில் இருப்பதும் ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்றுதான். வேறு பல மாநிலங்களில் சோதனைத் துப்பாக்கி வெறும் பரீட்சைக் கருவி. சுட்டு முடித்ததும் அதற்கும் உரிமத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். நியூ மெக்சிகோவில் அது உரிமத்தோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. எனவே எந்தக் கைத்துப்பாக்கி, எந்தத் தோட்டா என்ற கேள்வி சுடுதளத்துக்குப் போவதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது.

அந்தக் கேள்வியை இடம் இடமாகப் பின்தொடர ஏற்ற சாலை ஒன்று உண்டு. டெக்ஸாஸின் மேற்கு முனையான எல் பாசோவில் புறப்பட்டு, ரியோ கிராண்டே ஆற்றை ஒட்டி லாஸ் குரூசெஸ் போய், அங்கே தொடங்கும் 25ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறினால், ஏறத்தாழ 740 கிலோமீட்டரில் கொலராடோ எல்லை வந்துவிடும். எல்லைக்கு முந்தைய கடைசி ஊர் ராட்டோன்.

எல் பாசோவில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. அங்குள்ள கன்கார்டியா கல்லறைத் தோட்டத்தில், 1895இல் இதே ஊரின் மதுக்கடை ஒன்றில் சுட்டுக் கொல்லப்பட்ட ஜான் வெஸ்லி ஹார்டின் என்ற துப்பாக்கிக்காரரின் கல்லறை கம்பிக் கூண்டுக்குள் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதைத் தேடிப் போகிறார்கள். அதே நகரத்தின் வால்மார்ட் அங்காடியில் 2019 ஆகஸ்ட் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 23 பேர் இறந்தார்கள். முதலாவது வெறும் கதையாகிவிட்டது, இரண்டாவது இன்னும் ஆறவில்லை. துப்பாக்கி உரிமத்தைப் பற்றி எழுதும் எவரும் இந்த இரண்டாவது இடத்தைக் கடந்துதான் போகவேண்டும்.

டெக்ஸாஸின் உரிமச் சட்டமே ஒரு படுகொலைக்குப் பிறகு எழுந்தது. 1991 அக்டோபர் 16 அன்று கில்லீன் நகரின் லூபிஸ் உணவகத்தில் 23 பேர் கொல்லப்பட்டார்கள். அங்கே தாய் தந்தை இருவரையும் இழந்தவர் சுசானா ஹப். மறைத்து எடுத்துச்செல்வது அப்போது குற்றம் என்பதால் தம் ரிவால்வரைக் காரிலேயே விட்டுவந்ததாக அவர் பின்னர் சட்டமன்றக் குழுக்களின் முன் சாட்சி சொன்னார். 1995இல் ஆளுநர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட சட்டம் 1996இல் நடைமுறைக்கு வந்தது. அது வகுத்த சோதனையில் மனித உருவம் அச்சிட்ட பி-27 காகித இலக்கின் மீது 50 தோட்டாக்கள்: 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. மொத்தம் 250 புள்ளிகள், தேற 175.

முதலில் டெக்ஸாஸிலும் வகையும் விட்டமும் கணக்கில் இருந்தன. பிஸ்டலால் தேறியவர் எதையும் எடுத்துச்செல்லலாம். ரிவால்வரால் தேறியவருக்குப் பிஸ்டல் கிடையாது. .32க்குக் குறைந்த விட்டத்தில் சோதனை தரவும் முடியாது. வகைப் பிரிவு 2013இல் நீங்கியது. .32 என்ற வரம்பு 2017இல் நீங்கியது. மூட்டுவலியாலோ காயத்தாலோ கை வலுவிழந்தவர்கள் மெல்லிய .22 துப்பாக்கியால் சோதனை தர வழி வேண்டும் என்பது அப்போது சொல்லப்பட்ட நியாயம், அது ஏற்கத்தக்க நியாயமும்கூட. 2021 செப்டம்பரிலிருந்து, சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ள 21 வயது நிறைந்தவர் உரிமமே இல்லாமல் கைத்துப்பாக்கி எடுத்துச்செல்ல டெக்ஸாஸ் அனுமதிக்கிறது. உரிமம் விரும்புவோருக்கு மட்டும் சோதனை தொடர்கிறது. எல் பாசோவிலிருந்து முக்கால் மணி நேரம் வடக்கே ஓட்டினால் லாஸ் குரூசெஸ். டெக்ஸாஸ் கைவிட்ட வகைக் கணக்கும் விட்டக் கணக்கும் அங்கே, வேறு வடிவில், உயிரோடு இருக்கின்றன.

லாஸ் குரூசெஸை ஒட்டியது மெசில்லா. மண்கல் சுவர்கள், நடுவே சதுக்கம். சதுக்கத்தின் மூலையில் இருக்கும் பழைய கட்டடத்தில்தான் 1881 ஏப்ரலில் பில்லி தி கிட் என்ற துப்பாக்கிக்காரன் விசாரிக்கப்பட்டுத் தூக்குத் தண்டனை பெற்றான். இன்று அது பரிசுப்பொருள் கடை. அந்த மாதமே அவன் சிறையிலிருந்து தப்பினான். ஜூலையில் ஷெரிஃப் பாட் காரெட் அவனைச் சுட்டுக் கொன்றார். காரெட்டும் 1908இல் லாஸ் குரூசெஸுக்கு வெளியே சுடப்பட்டு இறந்து, அவ்வூரிலேயே அடக்கமானார். கிட்டைக் கொன்ற கோல்ட் ரிவால்வர் 2021இல் 60 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று.

இந்தக் கதைகளால், அக்காலத்தில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தார்கள் என்ற எண்ணம் பரவிவிட்டது. உண்மை வேறு. 1869இலேயே நியூ மெக்சிகோ பிரதேசச் சட்டமன்றம் குடியிருப்புகளுக்குள் ஆயுதம் தரித்துச் செல்வதைத் தடைசெய்தது, மறைத்தாலும் சரி, மறைக்காவிட்டாலும் சரி. 1912இல் மாநிலமானபோது, ஆயுத உரிமையைத் தரும் அரசமைப்புப் பிரிவிலேயே, இது மறைத்து எடுத்துச்செல்ல இடம்தருவதாகப் பொருள்கொள்ளக் கூடாது என்ற வாசகம் சேர்ந்தது. நகரங்களும் மாவட்டங்களும் ஆயுத உரிமையில் எவ்வகையிலும் தலையிடக் கூடாது என்று 1986இல் ஒரு திருத்தம் வந்தது. 2001இல் இயற்றிய மறைவுத் துப்பாக்கிச் சட்டம் நகரங்களுக்கும் மாவட்டங்களுக்கும் தடைவிதிக்கும் அதிகாரம் கொடுத்திருந்ததால், மாநில உச்ச நீதிமன்றம் 2002இல் அதைச் செல்லாது என்றது. அந்தக் குறையை நீக்கி 2003இல் வந்த சட்டமே இன்று நடப்பிலிருப்பது. பிறர் கண்ணுக்குத் தெரியும்படி இடுப்பில் மாட்டிச்செல்ல இம்மாநிலத்தில் உரிமம் தேவையில்லை. சொந்தக் காருக்குள் வைத்திருக்கவும் தேவையில்லை. சட்டைக்குள் மறைந்து நடமாடும் துப்பாக்கிக்குத்தான் உரிமம்.

உரிமம் கேட்பவர் அமெரிக்கக் குடிமகனாகவும், மாநிலவாசியாகவோ அங்கே பணியமர்த்தப்பட்ட படைவீரராகவோ, 21 வயது நிறைந்தவராகவும் இருக்கவேண்டும். 15 மணி நேரத்துக்குக் குறையாத பயிற்சி உண்டு. துப்பாக்கியைப் பத்திரமாக வைப்பது, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் காப்பது, கைகலப்பில்லாமல் சண்டையைத் தவிர்ப்பது எல்லாம் அந்தப் பாடத்தில் அடங்கும். பாடம் முடிந்த பிறகுதான் சோதனை.

துப்பாக்கிக் கடையின் கண்ணாடி மேசைக்கு முன் நின்றதும் புதியவர்களைக் குழப்புவது எண்கள். .45 என்றால் அங்குலத்தில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கு, ஏறத்தாழ பதினொன்றரை மில்லிமீட்டர். இது ஓரளவு நேர்மையான எண். மற்றவை அப்படியல்ல. ‘.38 ஸ்பெஷல்’ தோட்டாவின் குண்டு உண்மையில் .357 அங்குலம். ‘.357 மேக்னம்’ ரிவால்வரில் .38 ஸ்பெஷலைப் போட்டுச் சுடலாம்; .38க்குச் செய்த ரிவால்வரில் மேக்னத்தைப் போடக் கூடாது. ‘.380’ என்ற சிறு பிஸ்டல் தோட்டாவுக்கும் 9 மில்லிமீட்டருக்கும் குண்டின் விட்டம் ஒன்றே, .355 அங்குலம், 9 மி.மீ. தோட்டாவில் கூடு நீளம், மருந்தின் அழுத்தம் அதிகம். ஆகப் பெயர் சொல்லும் விட்டம் ஒன்று, குழலின் விட்டம் இன்னொன்று. விண்ணப்பத்தில் எந்த எண் எழுதப்படும் என்பதைப் பயிற்சியாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த விதிக்கு எளிதான குறுக்குவழி ஒன்று எல்லோர் கண்ணிலும் படும்: ஒரு பெரிய .45 பிஸ்டலை வாடகைக்கு எடுத்துத் தேறிவிட்டால், அந்த வகையில் அதற்குக் கீழுள்ள எல்லா விட்டமும் கைக்குள் வந்துவிடுமே! சட்டப்படி இதில் தவறில்லை. பலர் அப்படியே செய்கிறார்கள். இயற்பியலும் அவர்களுக்குத் துணைநிற்கிறது, அதை விளங்கிக்கொண்டால்தான் இந்த வழியின் குறையும் விளங்கும்.

.45 தோட்டாவின் வழக்கமான குண்டு 230 கிரெய்ன். கிரெய்ன் என்பது பழைய எடையளவு, 7,000 கிரெய்ன் சேர்ந்தால் ஒரு பவுண்டு. 230 கிரெய்ன் ஏறக்குறைய 15 கிராம். அது நொடிக்கு 255 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. 9 மி.மீ. தோட்டாவின் 115 கிரெய்ன் குண்டு ஏழரை கிராம், வேகம் சுமார் 350 மீட்டர். எடையை வேகத்தால் பெருக்கிப் பார்த்தால் .45இன் உந்தம் 9 மி.மீட்டரைப்போல ஒன்றரை மடங்கு. ஆனால் கையை உதைப்பது குண்டு அல்ல, துப்பாக்கி. ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1911 மாதிரி எஃகு பிஸ்டலின் எடை 1.1 கிலோ. 2018இல் வந்து புகழ்பெற்ற சிக் பி365 போன்ற மிகச் சிறிய 9 மி.மீ. பிஸ்டலின் எடை அரைக் கிலோ. குண்டின் உந்தத்தை மட்டும் கணக்கிட்டால் பெரிய .45 நொடிக்கு மூன்றரை மீட்டர் வேகத்தில் பின்னே வருகிறது. சிறிய 9 மி.மீ. ஐந்து மீட்டருக்கு மேல். கனமான .45 கையைத் தள்ளுகிறது, எடை குறைந்த சிறியது அறைகிறது. கைக்கு அடக்கமாக இருக்கிறது என்று சிறியதை நீட்டும் விற்பனையாளரின் அறிவுரை புதியவருக்கு, அதிலும் மெலிந்த மணிக்கட்டு உள்ளவருக்கு, பெரும்பாலும் தவறாகவே முடிகிறது.

சிறியதன் இரண்டாவது குறை பார்வைக்குறிகளில் இருக்கிறது. முன்குறிக்கும் பின்குறிக்கும் 16 சென்டிமீட்டர் இடைவெளி உள்ள துப்பாக்கியில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால், 7 கஜத்தில், அதாவது 6.4 மீட்டரில், குண்டு 4 சென்டிமீட்டர் விலகும். இடைவெளி 10 சென்டிமீட்டராகச் சுருங்கினால் அதே பிசகு 6.4 சென்டிமீட்டர் ஆகிவிடும். துப்பாக்கி பழுதில்லாததுதான், குழலும் நேர்தான், மனிதக் கையின் நடுக்கத்தைச் சிறியது பெருக்கிக் காட்டுகிறது.

பெரிய .45இல் தேறி, பையில் சிறியதைப் போட்டுக்கொள்பவரின் நிலை இப்போது தெளிவாகிறது. அவர் தேறியது உதைப்பு மெல்லத் தள்ளும், குறி தவறாத ஒரு துப்பாக்கியில். நாள்தோறும் சுமப்பது வேகமாக அறையும், பிசகைப் பெருக்கும் வேறொன்றை. உரிமத்தில் .45 என்று இருக்கிறது, ஆனால் சட்டைக்குள் இருப்பதை அவர் ஒரு முறைகூட நேரம் வைத்துச் சுட்டதில்லை. சட்டம் இதைத் தடுக்காது. பயிற்சியாளர்கள் தடுக்கவேண்டும். எதைச் சுமக்கப்போகிறாரோ அதிலேயே சோதனை தருவதுதான் சரி; முடியவில்லை என்றால் சுமக்கத் தேர்ந்தெடுத்ததே தவறு. உயர்ந்த விட்டமோ வேறு வகையோ பிறகு வேண்டுமென்றால், அதற்குரிய சோதனையைத் தந்து உரிமத்தில் சேர்த்துக்கொள்ள வழி இருக்கவே இருக்கிறது.

லாஸ் குரூசெஸை விட்டு வடக்கே வந்தால் மிளகாய்க்குப் பேர்போன ஹாட்ச். அதைத் தாண்டியதும் ஆற்றுக்குக் கிழக்கே ஹோர்னாடா டெல் முயெர்டோ, ‘செத்தவனின் பயணம்’ என்று ஸ்பானியர்கள் பெயரிட்ட வறண்ட வெளி விரிகிறது. பழைய அரசபாதை தண்ணீரில்லாத அந்த வெளியினூடே போயிற்று. இன்றைய நெடுஞ்சாலை ஆற்றுப்பக்கமாக, ட்ரூத் ஆர் கான்சிக்வென்சஸ் என்ற விசித்திரப் பெயருள்ள ஊர் வழியாகச் செல்கிறது. ஹாட் ஸ்பிரிங்ஸ் என்றிருந்த அந்த ஊர் 1950இல் ஒரு வானொலி நிகழ்ச்சியின் பெயரைச் சூட்டிக்கொண்டது.

கோடையில் இந்த வழியில் கனத்த மேலாடை அணிபவர் யாருமில்லை. மெல்லிய பருத்திச் சட்டைக்குள் 1.1 கிலோ எஃகு ஒளியாது. மறைப்பது என்பதே சட்டத்தின் மையமாக இருக்கும்போது, தட்பவெப்பமும் உடையும் துப்பாக்கித் தேர்வில் குறுக்கிடத்தான் செய்யும். நடுவழி ஒன்று உண்டு. 1988இல் வந்த கிளாக் 19 அளவிலான பிஸ்டல்கள்: நெகிழிச் சட்டகம், 10 சென்டிமீட்டர் குழல், வெற்று எடை 600 கிராம், மேகசினில் 15 தோட்டா. சோதனைக்கும் நல்ல கையடக்கம், நல்ல உறையோடு சட்டைக்குள்ளும் அடங்கும். பெரும்பாலானவர்களுக்கு இந்த அளவு ஏன் பொருந்துகிறது என்பதற்கு இந்தப் பாலைவன வெயில் ஒன்றே போதிய சான்று.

ரிவால்வரைத் தள்ளிவிட முடியாது. ஸ்மித் அண்டு வெசன் நிறுவனத்தின் ஐந்து தோட்டாச் சிறு ரிவால்வர் 1950 முதல் சட்டைப் பைகளில் இருந்துவருகிறது. உள்ளே தோட்டா இருக்கிறதா என்பது உருளையைத் திறந்ததும் தெரியும். பிஸ்டலின் மேலே பின்வாங்கும் பகுதியான ஸ்லைடை இழுக்கும் வலு வேண்டாம். தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி அழுத்தினால் அடுத்த அறை வந்து நிற்கும். எதிர்ப்பக்கம், விசை நீளமானது, கனமானது, ஐந்து கிலோவுக்கு மேல் இழுக்கவேண்டும். எடை குறைந்த மாதிரிகள் 425 கிராம்தான், .38 தோட்டாவுக்கே கை எரியும். பார்வைக்குறிகள் வெறும் பள்ளமும் மேடும். வல்லுநர்களின் ஆயுதம் என்று அதைச் சொல்வது பொருத்தம். விரல் வலு குறைந்த மூத்த பெண்மணிக்கு அதைப் பரிந்துரைக்கும் பழைய வழக்கம் பொருத்தமல்ல. ஸ்லைடை எளிதாக இழுக்கும்படி செய்த .380 பிஸ்டல்கள் 2018 முதல் கிடைக்கின்றன, அத்தகையவர்களுக்கு அவை மேல்.

சொகோரோவைத் தாண்டி, ஆற்றின் இருமருங்கும் காட்டன்வுட் மரங்கள் தொடர, சாலை அல்புகெர்க்கி வந்து சேர்கிறது. கிழக்கே சாண்டியா மலை. மேற்கே எரிமலைப் பாறை மேட்டில் நகராட்சியே நடத்தும் பொதுச் சுடுதளம் இருக்கிறது. மண்மேடுகள், திறந்த வானம், காற்று. உள்ளரங்கச் சுடுதளங்களும் நகரில் உண்டு. இரண்டுக்கும் தோட்டா விதிகள் வேறு. உள்ளரங்கத்தில் காந்தம் ஒட்டும் குண்டுகளை அநேகமாக எல்லா இடத்திலும் மறுக்கிறார்கள், காரணம் அவை பின்சுவரில் பட்டுப் பொறி பறக்கும், தடுப்பைச் சிதைக்கும். வாசலிலேயே காந்தத்தை வைத்துப் பார்ப்பார்கள். மலிவாக இருக்கிறதென்று எஃகுக் கூட்டுத் தோட்டாக்களை வாங்கிவந்து, சோதனை நாளன்று வாசலில் திருப்பியனுப்பப்படுவதைத் தவிர்க்க ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

சோதனைக்கு ஏற்ற தோட்டா எது? புதிய, தொழிற்சாலையில் செய்த, பித்தளைக் கூட்டில், முழுக்கச் செம்பு போர்த்த வட்டமுனைக் குண்டு. வீட்டில் மறுபடி மருந்து நிரப்பிய தோட்டாக்களைப் பயிற்சியாளர்கள் பலர் ஏற்பதில்லை. மருந்து குறைந்த ஒரு தோட்டாவின் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிட்டால், அடுத்ததைச் சுடும்போது குழல் பிளக்கும். வட்டமுனை, பிஸ்டலின் ஏறுபாதையில் தடையின்றி வழுக்கி உள்ளே போகும். எடையில் 9 மி.மீட்டருக்கு 115, 124, 147 கிரெய்ன் மூன்றும் கிடைக்கின்றன. 147 கிரெய்ன் மெதுவாகப் போகிறது, அதன் உதைப்பைப் பலர் மென்மையாக உணர்கிறார்கள், ஆனால் சில சிறு பிஸ்டல்களின் சுருள்வில்லுக்கு அது ஒத்துவராது. எந்தத் துப்பாக்கிக்கு எது ஒத்துவரும் என்பது சுட்டுப் பார்த்தால் மட்டுமே தெரியும். ‘பிளஸ் பி’ என்று குறித்த கூடுதல் அழுத்தத் தோட்டாக்கள் இந்தத் தூரத்துக் காகிதத்துக்கு எந்த நன்மையும் செய்யாதவை. உதைப்பைக் கூட்டுவதுதான் மிச்சம்.

ரிவால்வர்காரர்களுக்கு ஒரு தனிச் சலுகை இருக்கிறது: வாட்கட்டர். முனையே இல்லாமல், உருளையை வெட்டி வைத்ததுபோன்ற 148 கிரெய்ன் குண்டு. மெல்லிய மருந்து. காகிதத்தில் அலுவலகத் துளைப்பான் போட்டதுபோல வட்டமாக வெட்டும். மற்ற குண்டுகள் காகிதத்தைக் கிழித்து நுழைவதால் கோட்டைத் தொட்டதா இல்லையா என்ற வாதம் எழும், வாட்கட்டரில் வாதமில்லை. சிறு ரிவால்வரில் சோதனை தருபவருக்கு இதைவிட நல்ல துணை கிடையாது.

நியூ மெக்சிகோவின் சோதனை அளவில் சிறியது. மொத்தம் 25 தோட்டா. 3 கஜத்தில் 15, 7 கஜத்தில் 10. தேற 72 விழுக்காடு, அதாவது 18. பக்கத்து டெக்ஸாஸின் 50 தோட்டாவோடும் 15 கஜத்தோடும் ஒப்பிட்டால் எளிதாகத் தோன்றும். தோற்பவர்கள் பெரும்பாலும் குறி தெரியாமல் தோற்பதில்லை. கையில் இருப்பது பழகாததால் தோற்கிறார்கள். உதைப்பை எதிர்பார்த்து, விசை விடுபடும் நொடிக்கு முன்பே கை கீழே அமுங்கும். குண்டுகள் இலக்கின் கீழே, வலக்கைக்காரருக்கு இடப்புறமாகக் கொத்தாக விழும். மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்தால் ஸ்லைடு முழுதாகப் பின்வாங்காமல், வெற்றுக் கூடு புகைபோக்கிபோல வாயில் சிக்கி நிற்கும். ஐந்தாவது தோட்டாவுக்குள் உள்ளங்கை சிவந்துவிட்டால் இருபத்தைந்தாவது எப்படிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. இந்த மூன்று கோளாறுக்கும் மருந்து ஒன்றே: அதே துப்பாக்கியில், அதே தோட்டாவில், முன்கூட்டியே இருநூறு முறையாவது சுட்டிருப்பது.

சுடுதளத்தின் சத்தத்தைச் சேர்த்துத்தான் கணக்கிடவேண்டும். கைத்துப்பாக்கிச் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும், ஒரே வெடி காதைக் கெடுக்கப் போதுமானது. உள்ளரங்கத்தில் காதுக்குள் பஞ்சுச் செருகி, அதன் மேல் கவசம் என இரண்டும் வேண்டும். கண்ணாடி கட்டாயம். முடிந்ததும் ஈயத்தூள் போக, சோறு தண்ணீர் தொடுமுன், கையும் முகமும் குளிர்ந்த நீரில் கழுவவேண்டும்.

சோதனைத் தோட்டாவே சுமக்கும் தோட்டா ஆகிவிடாது. முனையில் குழியுள்ள குண்டு உடலுக்குள் விரிந்து நிற்கும்படி செய்யப்பட்டது. வட்டமுனை துளைத்துக்கொண்டு அப்பாலும் போகக்கூடியது. அப்பால் யார் நிற்கிறார்கள் என்பதுதான் இந்த வேறுபாட்டின் முழுப் பொருள். 1986இல் மயாமியில் இரண்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் கொல்லப்பட்ட மோதலுக்குப் பிறகு அந்த அமைப்பு குண்டுகளை ஜெலட்டின் கட்டிகளில் சுட்டுச் சோதிக்கத் தொடங்கியது: குறைந்தது 12 அங்குலம் ஊடுருவவேண்டும், 18ஐத் தாண்டக் கூடாது. முதலில் அந்தத் தேடல் 1990இல் .40 என்ற புதிய தோட்டாவுக்கு வழிவகுத்தது. கால் நூற்றாண்டு கழித்து, குண்டின் அமைப்பு முன்னேறியதால் எஃப்.பி.ஐ. 9 மில்லிமீட்டருக்கே திரும்பியது. அதிகாரிகள் அதை வேகமாகவும் பிசகின்றியும் சுட்டதே முக்கியக் காரணம். உரிமத்தில் பெரிய எண் வேண்டும் என்பவர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். குழிமுனைத் தோட்டாவைச் சுமக்க நினைப்பவர் அதில் ஒன்றிரண்டு பெட்டியைத் தம் பிஸ்டலிலேயே சுட்டு, சிக்காமல் ஏறுகிறதா என்று பார்த்த பிறகே சுமக்கவேண்டும்.

அல்புகெர்க்கிக்கும் சாண்டா ஃபேக்கும் இடையில் நூறு கிலோமீட்டர். இந்தத் தூரத்தில் நெடுஞ்சாலை சாண்டியா, சான் ஃபெலிபே, கேவா பூர்வகுடிகளின் நிலங்களினூடே செல்கிறது. பியூப்லோ என்று அழைக்கப்படும் இத்தகைய பூர்வகுடிச் சமூகங்கள் நியூ மெக்சிகோவில் 19. அந்தந்த மக்களின் ஆட்சிமன்றம் இசைவு தந்தாலன்றி, மாநில உரிமம் அங்கே செல்லாது. பானைகளும் நீலக்கல் மாலைகளும் வாங்கச் சாலையைவிட்டு இறங்குபவர், எந்த மண்ணில் கால் வைக்கிறோம் என்று தெரிந்து இறங்கவேண்டும். பள்ளிகளிலும் பல்கலைக்கழக வளாகங்களிலும் நீதிமன்றங்களிலும்கூட உரிமம் செல்லாது. மறைவுத் துப்பாக்கி உடம்பில் இருக்கும்போது மது தொடக் கூடாது.

சாண்டா ஃபேயில் மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறை இருக்கிறது. பயிற்சிச் சான்று, கைரேகை, கட்டணம், உறுதிமொழி எல்லாம் அங்கே போகின்றன. கோப்பில் வகையும் விட்டமும் பதிவாகின்றன.

வடக்கே லாஸ் வேகஸ் என்ற அமைதியான பழைய ஊர் (நெவாடாவின் சூதாட்ட நகரம் வேறு), வேகன் மவுண்ட், பிறகு ஸ்பிரிங்கர். அங்கே நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பினால் சிமரோன். 1872இல் கட்டிய செயின்ட் ஜேம்ஸ் விடுதியின் உணவுக்கூடத்தில், தகரக் கூரைவேய்ந்த மச்சில் பழைய துப்பாக்கிச் சூட்டின் ஓட்டைகள் இன்னும் இருக்கின்றன. சுட்டுக்கொண்டவர்கள் கீழே, மேலே அறைகளில் விடுதியில் தங்கியவர்கள். இலக்கையும் இலக்குக்கு அப்பால் இருப்பதையும் அறிந்து சுடு என்று எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்லப்படும் விதியை, கரும்பலகை இல்லாமல் அந்த மச்சு காட்டுகிறது.

சிமரோனிலிருந்து 64ஆம் எண் சாலை ராட்டோனை நோக்கி வடகிழக்கே போகிறது. ஊருக்குச் சற்று முன்னால், மலையடிவாரத்தில், 33,000 ஏக்கரில் தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் விட்டிங்டன் மையம். 1973இல் தொடங்கியது. பழைய சாண்டா ஃபே வண்டிப்பாதையின் தடங்கள் அதன் நிலத்தில் இன்றும் தெரிகின்றன. ஆயிரம் கஜத்துக்கு அப்பாலும் சுடும் துப்பாக்கிக்காரர்களுக்கான இடம் என்றுதான் பெயர், ஆனால் கைத்துப்பாக்கிக்கும் தனித் தளங்கள் உண்டு, 3 கஜமும் 7 கஜமும் அங்கேயும் அளக்கப்படுகின்றன.

உரிமத்தின் ஆயுள் நான்கு ஆண்டு. நடுவில், இரண்டாம் ஆண்டு முடிவில், புத்தாக்கப் பயிற்சி ஒன்று. அப்போது உரிமதாரர் தம் துப்பாக்கியை மறுபடி சுடுதளத்துக்குக் கொண்டுவருகிறார். இரண்டு ஆண்டு சட்டைக்குள் இருந்த பிஸ்டலில் பஞ்சும் தூசும் சேர்ந்திருக்கும்; வியர்வை பட்ட இடத்தில் துரு பூத்திருக்கும்; ஒவ்வொரு நாளும் ஏற்றி இறக்கிய முதல் தோட்டாவில் குண்டு கூட்டுக்குள் அழுந்திப்போயிருக்கும், அதைச் சுடாமல் தனியே எடுத்து வைக்கவேண்டும். துடைத்து, எண்ணெயிட்டு, புதிய தோட்டாக்களை ஏற்றிய பிறகே அவர் கோட்டில் நிற்கலாம்.